கப்பலின் இடைத்தட்டு



தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறிய யோனா, புயல் அடித்தபோது எங்கே இருந்தான் என்று ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லுவார்கள். கீழ்த்தட்டில் இறங்கி, படுத்து உறங்கிக்கொண்டிருந்தான். நோவாவின் பேழைக்கும் மூன்று தட்டுகள் இருந்தன. தட்டு என்னும் சொல் வேதாகமத்தின் வழியாகவே நம்மில் பலருக்குப் பழகியிருக்கிறது. ஆனால் ஒரு தட்டுக்கும் மற்றொரு தட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில் ஒரு மனிதன் நாட்கணக்கில் கிடப்பது எப்படியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நானும் எண்ணிப் பார்த்தவன் அல்லன். சென்ற மாதம் வாலிபர் கூடுகை முடிந்தபின் ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்ட கேள்விதான் என்னை அந்த இடத்திற்கு இறக்கிற்று.

"ஐயா, ஜான் நியூட்டன் புயலில் சிக்கி மனந்திரும்பி, அடிமைக் கப்பலை விட்டுவிட்டு, அந்தப் பாட்டை எழுதினார் என்று பிரசங்கத்தில் சொன்னீர்களே. மனந்திரும்பின பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார் என்று படித்தேன். அது மெய்தானா?"

படித்துப் பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். படித்துப் பார்த்தேன். மெய்தான். பல ஆண்டுகளாக நான் அந்தச் சரித்திரத்தைப் புயலோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஒரே தாவலாகப் பாடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் விடுபட்டுப்போனதை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கப்பலின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் வணிகப் பாய்மரக் கப்பலில், மாலுமிகள் நின்று பாய்களை ஏற்றி இறக்குகிற திறந்த தளம் மேல்தட்டு. அடிமட்டத்தில் இருப்பது சரக்கறை. தண்ணீர்ப் பீப்பாய்களும் உணவு மூட்டைகளும் பாரக்கற்களும் அங்கே கிடக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் இன்னொரு தளம் பரப்பப்பட்டிருக்கும். அதற்கும் மேல்தட்டுக்கும் இடையிலுள்ள வெளியே இடைத்தட்டு. பெரும்பாலான கப்பல்களில் அதன் உயரம் ஐந்தடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். வளர்ந்த ஓர் ஆள் அங்கே தலை குனிந்தே நடக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. மேல்தட்டில் வெட்டப்பட்ட வாயிலின்மீது மரக்கிராதி பொருத்தி வைத்திருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகவே இறங்க வேண்டும். மழையோ பேரலையோ வந்தால் அந்தக் கிராதியின்மேல் தார்பூசிய பாய்த்துணியை இழுத்து மூடிவிடுவார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்று உண்டான இடம் அது. துணிமூட்டைக்குக் காற்று தேவையில்லை.

அடிமை வணிகத்திற்குப் புறப்பட்ட கப்பல்களில் இந்த இடத்தைக் கப்பல் தச்சர் மாற்றியமைப்பார். இங்கிலாந்திலிருந்து போகும்போது அதில் துணி, இரும்பு, துப்பாக்கி, பித்தளைப் பாத்திரம் ஆகிய சரக்குகள் இருக்கும். ஆப்பிரிக்கக் கரையில் அவை இறங்க இறங்க, காலியான இடத்தில் தடுப்புப் பலகைகள் எழும்பும்: ஆண்களுக்கு ஓர் அறை, சிறுவருக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. அதன்பின், தரைக்கும் மேல்தளத்திற்கும் நடுவே, கப்பலின் இருபக்கச் சுவரையும் ஒட்டி, ஆறடி அகலத்தில் பரண்போல ஒரு மேடை அடிக்கப்படும். தரையில் ஒரு வரிசை, பரணில் ஒரு வரிசை. ஐந்தரை அடி உயரம் இப்படி இரண்டாகப் பிரியும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் மிஞ்சுவது சுமார் இரண்டரை அடி. அதில் நிமிர்ந்து உட்கார முடியாது.

இந்த விவரங்களில் சிலவற்றை நமக்கு எழுதி வைத்தவர் நியூட்டனே.

அவர் 1725இல் லண்டனில் பிறந்தவர். "கிரேஹவுண்ட்" என்ற கப்பலில் திரும்பிவரும் வழியில், 1748 மார்ச் மாதத்தில், அந்தப் புயல் அடித்தது. கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் புகுந்தது. அந்த நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். அதில் ஐயமில்லை. ஆனால் அதே 1748இல் "பிரவுன்லோ" என்ற அடிமைக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த பொறுப்பில் மறுபடியும் கடலேறினார். 1750இல் "டியூக் ஆஃப் ஆர்கைல்" கப்பலுக்குக் கேப்டன் ஆனார். அதன்பின் "ஆப்பிரிக்கன்" என்ற கப்பலில் இரண்டு பயணம். ஆக, 1750 முதல் 1754 வரை மூன்று முறை கேப்டனாக இருந்து ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அட்லாண்டிக் கடலைக் கடத்தினார்.

அந்த ஆண்டுகளில் அவர் பக்தியில் குறைந்தவராகவும் இருக்கவில்லை. இதுதான் என்னை உறங்கவிடாத பகுதி. ஓய்வுநாள்தோறும் இரண்டு வேளை மாலுமிகளைக் கூட்டி, ஜெபப் புத்தக முறைமையின்படி ஆராதனை நடத்தினார். வேதம் வாசித்தார். லத்தீன் மொழியைத் தாமாகவே கற்றுக்கொண்டார். மனைவி மேரிக்கு அன்பு பொங்கும் கடிதங்களை எழுதினார். தேவனோடு உறவாடிய இனிமையான வேளைகள் அந்தக் கடைசிப் பயணங்களில் தமக்கு மிகுதியாய்க் கிடைத்தன என்று பிற்பாடு சாட்சியாகவும் எழுதினார். இந்த ஜெபங்களுக்கும் அந்த இடைத்தட்டுக்கும் நடுவில் இருந்தது சில அங்குலக் கனமுள்ள பலகை மாத்திரமே.

அதே கையால் எழுதப்பட்ட நாட்குறிப்பு வேறொன்றையும் சொல்லுகிறது. அறைகளின் தரையைச் சுரண்டினோம், தார், புகையிலை, கந்தகம் ஆகியவற்றை எரித்துப் புகைபோட்டோம், காடியால் கழுவினோம். ஒரு நல்ல கண்காணிப்பாளரின் சுருக்கமான குறிப்புகள். 1752 டிசம்பரில், கீழே இருந்தவர்கள் கலகத்திற்குத் திட்டமிடுவதாகச் சந்தேகம் எழுந்தபோது, சில சிறுவர்களுக்கு விலங்கிட்டு, உண்மையைச் சொல்லவைப்பதற்காக அவர்களுடைய விரல்களைக் கட்டைவிரல் திருகியில் சற்றே வைத்து முறுக்கியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். "சற்றே" என்பது அவர் குறிப்பிட்ட அளவு. அந்தச் சிறுவர்களின் பெயர்கள் நாட்குறிப்பில் இல்லை. கப்பலில் ஏறும்போது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை எண்கள்.

1753–54ஆம் ஆண்டுப் பயணம் மரணமின்றி முடிந்தது. மாலுமிகளிலும் அடிமைகளிலும் ஒருவரையும் அவர் அடக்கம் செய்யவில்லை. அக்காலத்தில் அது கேள்விப்படாத காரியம். அதற்காக ஆலயங்களில் ஸ்தோத்திரம் ஏறெடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஸ்தோத்திரத்தைப் பற்றி நான் என்ன எண்ண வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மெய்யாகவே அவர் தம் பொறுப்பில் இருந்தவர்களைக் கவனித்திருக்கிறார். கவனித்து, விற்பனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

அவர் கடலை விட்டதற்கும் மனச்சாட்சி காரணம் அல்ல. 1754 நவம்பரில், அடுத்த பயணத்திற்குப் புறப்படும் தறுவாயில், திடீரென்று ஒருவித வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவர்கள் கடல் வேண்டாம் என்றார்கள். அந்தத் தொழிலில் தாம் ஒரு சிறைக்காவலனைப் போல இருப்பதாக அலுப்புற்றிருந்ததும், வேறு வேலைக்காக ஜெபித்ததும் உண்டு. ஆனால் அது பாவம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை; அவரைச் சுற்றியிருந்த சபையாரில் ஒருவரும் அப்படி அவரிடம் சொல்லவுமில்லை. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் ஊரில் ஊழியம் தொடங்கினார். நாம் விரும்பிப் பாடும் "அமேசிங் கிரேஸ்" 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் பிரசங்கத்திற்காக அங்கே எழுதப்பட்டது. அப்போதும் அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் நூல் ஏதும் வெளியிட்டிருக்கவில்லை.

கீழே இருந்தவர்களுக்கு அந்த இடம் எப்படியிருந்தது? அங்கிருந்து உயிரோடு கரையேறி, பிற்பாடு எழுதப் படிக்கக் கற்று, தம் சரித்திரத்தைத் தாமே எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரான ஒலாடா எக்வியானோ 1789இல் லண்டனில் தம் நூலை வெளியிட்டார். சிறுவனாய்க் கீழே இறக்கப்பட்டபோது முதலில் தம்மைத் தாக்கியது நாற்றமே என்றும், உணவை ஏறெடுத்தும் பார்க்க முடியவில்லை என்றும், உண்ண மறுத்ததற்காகச் சாட்டையடி பட்டதையும் அதில் சொல்லுகிறார்.

மேலிருந்து கீழே இறங்கிப் போன ஒருவரின் சாட்சியும் நம்மிடம் இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் அடிமைக் கப்பல்களில் மருத்துவராகப் பணிசெய்தவர். 1788இல் அவர் எழுதிய சிறுநூலில் வாதங்கள் குறைவு, அளவுகள் மிகுதி. ஆகையால்தான் அதை வாசிப்பது கடினம். கப்பலின் பக்கச் சுவரில் காற்றுக்காக விடப்பட்ட துளைகள் ஒவ்வொரு பக்கமும் ஐந்தோ ஆறோ. ஒவ்வொன்றும் ஆறு அங்குல நீளம், நான்கு அங்குல அகலம். மலஜலத்திற்கு ஓர் அறைக்கு மூன்று நான்கு தொட்டிகள். இருவர் இருவராக விலங்கிடப்பட்டிருந்ததால், ஒருவன் அந்தத் தொட்டியை அடைய வேண்டுமானால் மற்றவனையும் இழுத்துக்கொண்டு, படுத்திருக்கும் உடல்கள்மீது இடறி விழுந்தே போக வேண்டும். முடியாதவர்கள் கிடந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். ஒருமுறை காற்றும் மழையும் வந்து துளைகளை அடைத்துக் கிராதியையும் மூடியபின், சீதபேதியும் காய்ச்சலும் பரவின. மருத்துவர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். தரை இரத்தத்தாலும் சளியாலும் மூடப்பட்டு, ஆடுமாடு அறுக்கும் கொட்டிலைப்போல் இருந்தது என்கிறார். சற்று நேரத்தில் மயக்கம் வந்து, பிறர் தாங்கிப் பிடிக்கவே மேலே வந்து சேர்ந்தார். அவருக்கும் அதே நோய் கண்டு, தேறுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அவர் சிறிது நேரமே அங்கே இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். கரையிலிருந்து கரைக்குப் போகிற அந்தப் பயணம் பெரும்பாலும் இரண்டு மாதத்தை ஒட்டியது. சில வேளைகளில் அதைவிட அதிகம்.

நான்கு நூற்றாண்டுகளில் சுமார் 1.25 கோடி பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டனர் என்றும், மறுகரையில் இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி என்றும் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் குறைகிற எண்ணிக்கையை நீங்களே கழித்துப் பாருங்கள்.

1788ஆம் ஆண்டின் கோடையில் சர் வில்லியம் டோல்பன் என்ற பாராளுமன்ற உறுப்பினர், தேம்ஸ் ஆற்றில் நின்றுகொண்டிருந்த ஓர் அடிமைக் கப்பலுக்குள் போய்ப் பார்த்தார். ஆள் ஒருவரும் ஏற்றப்படாத வெறுங்கப்பல். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததே அவருக்குப் போதுமானதாயிற்று; திரும்பிவந்து ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, அதே ஆண்டில் சட்டமாக்கினார். அடிமை வணிகத்தை அச்சட்டம் தடுக்கவில்லை. கப்பலின் கொள்ளளவில் முதல் 201 டன் வரை மூன்று டன்னுக்கு ஐந்து பேர், அதற்குமேல் டன்னுக்கு ஒருவர் என்று வரையறுத்தது. நூற்றுக்கு இருவருக்குமேல் சாகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் கேப்டனுக்கு 100 பவுன், மருத்துவருக்கு 50 பவுன் வெகுமதி. நெரிசலைக் குறைத்த நல்ல சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் அதன் வாசகத்தைப் படிக்கும்போது கை நடுங்குகிறது.

அந்தச் சட்டத்தின் கணக்கையே எடுத்துக்கொண்டு சிலர் ஒரு படம் வரைந்தார்கள். லிவர்பூலைச் சேர்ந்த "ப்ரூக்ஸ்" என்ற கப்பலை அரசாங்கம் அனுப்பிய கடற்படை அலுவலர் ஒருவர் அளந்திருந்தார். தட்டுகளுக்கு இடையே உயரம் 5 அடி 8 அங்குலம். புதிய சட்டத்தின்படி அதில் 454 பேரை ஏற்றலாம். அத்தனை பேரையும் அந்த இடைத்தட்டில் வரைந்து வைத்தால் எப்படியிருக்கும்? வளர்ந்த ஆணுக்கு ஆறடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம் என்று வைத்து, ஒவ்வொருவரையும் சின்னஞ்சிறு உருவமாக வரிசை வரிசையாய் வரைந்தார்கள். 1788 டிசம்பரில் பிளிமத் நகரத்துக் குழுவினர் முதல் படத்தை அச்சிட்டார்கள். 1789இல் லண்டன் குழு அதை விரிவாக்கி ஆயிரக்கணக்கில் பரப்பிற்று. உங்கள் முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். ஒரு முழம், ஏறக்குறைய 18 அங்குலம். ப்ரூக்ஸ் கப்பலில் ஒருவருடைய பங்கு அந்த ஒரு முழத்துக்கும் குறைவு. சட்டம் வருமுன் ஒரு பயணத்தில் அதே கப்பல் 609 பேரைச் சுமந்து போயிருக்கிறது.

அந்தப் படம் இங்கிலாந்தின் மதுக்கடைச் சுவர்களிலும் வீட்டுக் கூடங்களிலும் தொங்கிற்று. வில்பர்ஃபோர்ஸ் அதை மரத்தில் சிறு கப்பலாகச் செய்வித்துப் பாராளுமன்றத்திற்குக் கொண்டுபோனார். அது இன்றும் ஹல் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தப் படத்தில் எல்லாரும் அசையாமல், ஒழுங்காய், ஒரே முகத்தோடு கிடக்கிறார்கள். தொட்டிகள் இல்லை, அழுகை இல்லை, கலகம் செய்ய முயன்றவர்களும் இல்லை. இரக்கத்தைத் தூண்டப் படம் வரைந்தவர்களும் அவர்களை எண்களாகவே அடுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்தில்தான் நியூட்டன் வாய் திறந்தார். அப்போது அவர் லண்டனில் செயின்ட் மேரி வூல்நாத் ஆலயத்தின் போதகர். இளைஞரான வில்பர்ஃபோர்ஸ் 1785 டிசம்பரில் இரகசியமாய் அவரைத் தேடிவந்து ஆலோசனை கேட்டபோது, அரசியலை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னவர் அவரே. 1788இல், அடிமை வணிகத்தைப் பற்றிய தம் எண்ணங்களை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். கடலை விட்டு முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. இது காலந்தாழ்ந்த அறிக்கை என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்தத் தொழிலில் தாமும் ஈடுபட்டிருந்தது எப்போதும் தம்மைத் தாழ்த்தும் நினைவாகவே இருக்கும் என்றும் எழுதினார். அந்நூலில் அவர் நம்மை அந்த இடைத்தட்டுக்குள் அழைத்துப் போகிறார். உயரத்தைச் சொல்லுகிறார், பரணைச் சொல்லுகிறார். அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப்போல் மனிதர் நெருக்கி வைக்கப்பட்டிருந்ததையும், விடியற்காலையில் உயிரோடிருப்பவனும் செத்தவனும் ஒரே விலங்கில் பிணைந்து கிடந்ததையும் சொல்லுகிறார். நாட்குறிப்பு எழுதிய அதே கண்கள் கண்ட அதே அறைகள்தான். 1790இல் பாராளுமன்றக் குழுவின் முன்பாகவும் சாட்சி சொன்னார். வணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச் 25 அன்று நிறைவேறியது. அவர் அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று மரித்தார்.

புயலிலிருந்து அந்தச் சிறுநூல் வரையில் நாற்பது ஆண்டுகள். நான் பிரசங்கத்தில் தாவிக் கடந்தது அந்த நாற்பது ஆண்டுகளை.

இடைத்தட்டின் சரித்திரம் அத்துடன் முடியவில்லை. கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பிப் போகும்போது காலியாகப் போக வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில் பலகைப் படுக்கைகளை அடித்து, அயர்லாந்தின் ஏழைகளை ஏற்றினார்கள். பெரும்பாலும் ஆறடிச் சதுரப் படுக்கை ஒன்றுக்கு வளர்ந்தவர்கள் நால்வர். ஒருவருக்கு ஒரு முழம். இவர்கள் விலங்கிடப்பட்டவர்கள் அல்லர், விற்கப்பட்டவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. (நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 அக்டோபரில் "ட்ரூரோ" என்ற கப்பல் 342 பேருடன் நேட்டாலுக்குப் புறப்பட்டது, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

உருளைக்கிழங்குப் பயிர் அழிந்த பஞ்சத்தின் நடுவே, 1847இல், ஸ்டீபன் டி வியர் என்ற நிலக்கிழார் குடும்பத்து மனிதர் ஒரு காரியம் செய்தார். அறை எடுத்துப் பயணம் செய்ய அவருக்கு வசதி இருந்தது. ஆனால் கனடாவுக்குக் குடிபெயரும் ஏழைகள் படும் பாட்டைத் தாமே அறிய வேண்டுமென்று, அவர்களோடு இடைத்தட்டில் இடம்பிடித்து அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்த ஆண்டு கியூபெக் நகருக்குக் கீழே உள்ள கிரோஸ் தீவில், காய்ச்சலோடு வந்திறங்கி மரித்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர்.

நவம்பர் 30 அன்று அவர் எழுதிய கடிதம் பின்னர் பிரபுக்கள் சபையில் பேசப்பட்டு, பயணிகள் சட்டம் திருத்தப்படுவதற்கும் ஏதுவாயிற்று. வெளிச்சமும் காற்றும் இல்லாமல், எல்லா வயதினரும் அழுக்கில் நெருக்கிக் கிடந்ததையும், சமைக்க இடம் போதாமல் அரைவேக்காட்டு உணவை உண்டதையும், மரித்தவர்கள் ஆறுதல் சொல்ல ஒரு குருவின் குரலும் இல்லாமல் மரித்து, அடக்க ஆராதனையின்றிக் கடலில் விடப்பட்டதையும் அதில் விவரித்திருந்தார். படுக்கைகள் ஒரு நாளும் மேல்தட்டுக்கு எடுத்துவந்து உலர்த்தப்படவில்லை. படுக்கை வரிசைகளுக்கு நடுவே இருந்த ஒடுங்கிய வழியை வாரக்கணக்கில் ஒருவரும் கழுவவுமில்லை, சுரண்டவுமில்லை. கிரோஸ் தீவை அடைவதற்கு முந்தின நாள், மருத்துவ அதிகாரி பார்வையிட வருவார் என்பதால், எல்லாரையும் தேய்த்துக் கழுவ வைத்தார்கள். இத்தனையும் எழுதியபின், தாம் வந்த கப்பல் மற்றப் பல கப்பல்களைவிட ஒழுங்கும் வசதியும் உள்ளது என்று நம்பத் தமக்குக் காரணம் உண்டு என்றும் அவர் சேர்த்து எழுதினார்.